ஒன்பதுக்கு ஒன்று பேலன்: தொடர்மாடி ரேடியோவுக்கு உதவுமா?

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கம் ஆன்டெனா வயரை முடுக்க இரண்டு திருகாணி, மறுபக்கம் கோஆக்ஸ் கேபிளுக்கான சாக்கெட். ‘9:1 பேலன்’ என்று இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. மாட்டினால் சிற்றலை ‘பிய்த்துக்கொண்டு’ வரும் என்பது விளம்பரம்.

சுவிஸ் சர்வதேச வானொலி 2004இல் சிற்றலையைக் கைவிட்டது. பெரோமூன்ஸ்டர் நிலையத்தின் 531 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை 2008 கடைசியோடு ஓய்ந்தது. இனி இங்கே சுவிஸில் பிடிப்பதெல்லாம் தூரத்து மெலிந்த சிக்னல்தான். அதற்குமேல் லிஃப்ட், எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர் எல்லாம் கிளப்பும் இரைச்சல். பெர்ன் புறநகரில் என் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து முற்றத்து மரத்துக்கு 10 மீட்டர் வயர்; ரிசீவர் ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி.

பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். சுற்றுகளின் விகிதம் 3:1, அதன் வர்க்கமாக மின்மறுப்பின் விகிதம் 9:1. 450 ஓம் வயரை 50 ஓம் ரிசீவருக்கு இசைவாக்குவது நோக்கம். ஆனால் வயர் எல்லா அலைவரிசையிலும் 450 ஓமாக நிற்பதில்லை. என் 10 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம். மின்மறுப்பு ஆயிரக்கணக்கில் ஏறும், அங்கே 9:1 கைகொடுக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அதே வயர் கால் அலைநீளம். ஏற்கெனவே 50 ஓமுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பெட்டி கெடுத்துவிடும். கெடுத்தும் காதுக்குப் பெரிய நஷ்டமில்லை. அந்தப் பகுதியில் வானத்து இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட அதிகம். சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே குறையும்.

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில். நான் வாங்கிய பெட்டியில் ஒரே சுருள், நடுவில் கிளை எடுத்திருக்கிறார்கள். ஆன்டெனாவின் தரைமுனையும் கோஆக்ஸின் வெளிப்புறக் கம்பிப் பின்னலும் ஒன்று. வீட்டு மின்சாரத்தின் குப்பையெல்லாம் அந்தப் பின்னல் வழியே பால்கனிக்கு ஏறி, ஆன்டெனாவோடு கலந்து திரும்பி வருகிறது. 73ஆம் எண் ஃபெரைட்டில் இரண்டு துளையுள்ள பிஎன்-73-202 கோர் வாங்கி, ரிசீவர் பக்கம் 3 சுற்று, வயர் பக்கம் 9 சுற்று, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றினேன். பால்கனிக் கம்பியோரம் தொங்கவிட்ட இன்னொரு வயர்தான் தரை. ஹீட்டர் குழாயில் மட்டும் கட்டிவிடாதீர்கள். வீட்டு இரைச்சலுக்கு அது ராஜபாட்டை. இப்போது 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் ஏறக்குறைய 12 டெசிபெல் இறங்கியது.

சோதிக்க விலைமதிப்பற்ற இலவசக் கருவி ஒன்று உண்டு. 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகின் 18 அமெச்சூர் பீக்கன்கள், அதாவது தானியங்கிச் சோதனை நிலையங்கள், வரிசையாகப் பத்துப் பத்து வினாடி ஒலிக்கின்றன. மூன்று நிமிடத்துக்கு ஒரு வட்டம். ஒவ்வொன்றும் மோர்ஸில் தன் அழைப்புக்குறியையும் நான்கு நீண்ட கோடுகளையும் அனுப்பும்: அழைப்புக்குறியும் முதல் கோடும் 100 வாட், அடுத்த கோடுகள் 10, 1, 0.1 வாட். எத்தனை கோடு கேட்கிறது என்று எண்ணினால் போதும், ஒவ்வொன்றும் 10 டெசிபெல். மதேராவின் சிஎஸ்3பி பீக்கன், கடைப்பெட்டியில் ஒரு கோடு, என் சுற்றில் இரண்டு, மூன்றாவது சந்தேகம். வட்டத்தில் 1 நிமிடம் 30 வினாடியில் கொழும்பின் 4எஸ்7பி வர வேண்டும். ஒரு பின்னேரம் முதல் கோடு மட்டும் கேட்டது, சிரித்துவிட்டேன். பீக்கன்கள் பழுதாகி மாதக்கணக்கில் பேசாமல் கிடப்பதும் உண்டு, அதற்காகப் பேலனைத் திட்ட வேண்டாம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இரு சுருளும் தனித்தனியா? இல்லையென்றால் தவிருங்கள். வாங்கியாகிவிட்டது என்றால், 31ஆம் எண் ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பத்துச் சுற்று சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். பின்னல் வழியே ஏறுவது நன்றாகவே மட்டுப்படும். உரிமம் உள்ளவர்கள் என் சுருளில் டிரான்ஸ்மிட்டரை மாட்டிவிடாதீர்கள், அந்தச் சின்னக் கோர் கேட்பதற்கு மட்டும்தான்.