சூட்டுக்கு அஞ்சாத கண்ணாடி

செராமிக் கண்ணாடி அடுப்பில் ரசிக்கத்தக்கது, அது வெப்பத்தை நடத்தும் விதம். அடியில் கம்பிச்சுருள் செக்கச்செவேலெனக் கனல்கிறது. அந்தச் சூடு கண்ணாடியை ஊடுருவி நேரே பாத்திரத்துக்கு ஏறுகிறது. பக்கவாட்டில் அதிகம் பரவுவதில்லை.

கண்ணாடிக்குள் நுண்படிகங்களை விளைவித்துச் செய்த பொருள் இது. சூட்டில் விரிவது ஏறக்குறைய இல்லை; அதனால்தான் வெடிப்பதில்லை. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1971-இல் ‘செரான்’ என்று இதை அடுப்புக்குக் கொண்டுவந்தது.

தீயைத் தாங்கும் இதற்குச் சர்க்கரைதான் எதிரி. பாயசமோ வெல்லப்பாகோ பொங்கி வழிந்து ஆறினால், இறுகும்போது மேற்பரப்பையே பெயர்த்துக் குழி பறிக்கும். அடுப்பை அணைத்து, சூடு இருக்கும்போதே கையுறையோடு பிளேடு சுரண்டியால் சாய்வாக வழித்தெடுக்க வேண்டும். மற்றக் கறைகள் ஆறும்வரை காத்திருக்கும். கொஞ்சம் வினிகரும் மெல்லிய துணியும் போதும்.

வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் இதற்கு இன்னொரு சோதனை, இரும்புத் தோசைக்கல். இழுத்தால் கீறல், போட்டால் விரிசல். தூக்கி வைத்து, தூக்கி எடுப்பதே முறை. அடி குவிந்த வாணலிக்கு இங்கே வேலையில்லை. தட்டையான அடிக்குத்தான் முழுச் சூடும் கிடைக்கும்.

அணைத்த பின்னும் எரியும் சின்னச் சிவப்பு விளக்கை மதியுங்கள்: சூடு இன்னும் போகவில்லை.