காணி பொது, கிணறு தனி

விமர்சகனின் கடமை கவிதை, சிறுகதை, நாவல் என்பவற்றோடு முடிந்துவிடுகிறது எனக் கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். மனித உறவுகளை நிர்ணயிக்கும் எழுத்து எதுவாயினும் அது விமர்சனத்துக்கு உரியதே. அவ்வாறு நோக்குமிடத்து, கோடிக்கணக்கான மக்களைக் கட்டுப்படுத்தியும் மிகச் சிலராலேயே வாசிக்கப்படும் உரைநடை ஒன்று நமது காலத்தில் உண்டு. அதுவே மென்பொருள் உரிமப் பத்திரம். அன்ட்ரொயிட் இயங்குதளத்தைப் பொறுத்தவரை இத்தகைய பத்திரங்கள் இரண்டினை அருகருகே வைத்து வாசித்தல் வேண்டும். ஒன்று, உலகத்தார் அனைவருக்கும் வழங்கப்பட்ட திறந்த உரிமம். மற்றையது, கையடக்கத் தொலைபேசி உற்பத்தியாளரோடு மட்டும் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம்.

1983இல் றிச்சட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது அவர் எழுப்பியது அடிப்படையில் ஓர் உடைமைப் பிரச்சினையாகும். மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறரோடு பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்றார். அவர் வகுத்த பொது உரிமம், திருத்தி விநியோகிப்பவன் தான் பெற்ற உரிமையைப் பிறருக்கும் அளித்தே தீரவேண்டும் என விதித்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கரு அடுத்த ஆண்டில் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. 2005இல் அன்ட்ரொயிட் கம்பனியை வாங்கிய கூகிள், 2007இல் தனது திட்டத்தை அறிவித்தபோது அக்கருவையே அத்திவாரமாகக் கொண்டது. ஆயின், அதன் மேல் எழுப்பிய கட்டடத்தின் பெரும்பகுதிக்கு அப்பாச்சி உரிமத்தைத் தெரிந்தெடுத்தது. அவ்வுரிமத்தின்படி எடுத்தவன் திருத்தலாம், விற்கலாம், தனது திருத்தத்தை மூடியும் வைக்கலாம். திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு அதில் இல்லை.

இத்தாராளத்தின் எல்லை 2009 செப்டெம்பரில் வெளிப்பட்டது. ஸ்டீவ் கொண்டிக் என்ற நிரலாளர் அன்ட்ரொயிட்டைத் திருத்தி, 'சயனோஜென்மொட்' என்ற பெயரில் இலவசமாக வழங்கிவந்தார். ஜிமெயில், வரைபடம், யூரியூப், செயலிச் சந்தை முதலிய கூகிளின் மூடிய செயலிகளும் அதில் சேர்ந்திருந்தன. அவற்றை விநியோகித்தலை நிறுத்துமாறு கூகிளிடமிருந்து கடிதம் வந்தது. இயங்குதளம் எல்லோருக்கும் உரியது, செயலிகளோ எமது சொத்து என்பதே வாதம். சட்டத்தின்படி அவ்வாதம் பிழையன்று. ஈற்றில், வெறும் இயங்குதளத்தை மட்டும் வழங்குவதென்றும், தொலைபேசியின் சொந்தக்காரர் தமது கருவியிலிருந்த செயலிகளைத் தாமே பிரதிசெய்து மீளப் பொருத்திக்கொள்வதென்றும் ஒரு வழி காணப்பட்டது. அவற்றுக்கான உரிமம் தொலைபேசியோடு ஏலவே வந்துவிட்டது என்பது அதன் நியாயம். அவனே எடுத்து அவனே வைத்தால் முறை. அதையே நண்பன் சேர்த்துக் கொடுத்தால் குற்றம்!

நமது யாழ்ப்பாணத்து உறுதிகளிலே காணியின் பரப்பை எழுதியபின், கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் உரிமையையும் வேறாக எழுதும் வழக்கம் உண்டு. அவை எழுதப்படாத காணியை வாங்கியவன் நிலத்துக்குச் சொந்தக்காரன். தண்ணீருக்கோ அயலவனின் தயவை நாடி நிற்பவன். அன்ட்ரொயிட்டின் திறந்த உரிமம் கிணற்றுப் பங்கு எழுதப்படாத உறுதியேயாம்.

அக்கிணற்றில் அள்ளுவதற்கான நிபந்தனைகள் யாவை? செயலி விநியோக ஒப்பந்தம் எனப்படும் அவ்விரண்டாவது பத்திரம் இரகசியமாகவே பேணப்பட்டது. ஒராக்கிளுக்கும் கூகிளுக்கும் இடையே 2012இல் நடந்த வழக்கில் அது சான்றாக வைக்கப்பட்டமையாலேயே அதன் வாசகம் வெளிவந்தது. செயலிச் சந்தை வேண்டுமாயின் குறித்த கூகிள் செயலிகள் அனைத்தையும் முன்கூட்டியே பொருத்தவேண்டும். தேடற்பெட்டியும் சந்தையின் சின்னமும் முகப்புத் திரையை ஒட்டி அமையவேண்டும். தேடுதலுக்குக் கூகிளே இயல்பான தெரிவாக இருக்கவேண்டும். முதற் பத்திரத்தின் வினைச்சொல் 'செய்யலாம்' என்பது. இரண்டாவதன் வினைச்சொல் 'செய்யவேண்டும்' என்பது. உலகம் முதலாவதை வாசித்துப் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில், தொழிலை ஆண்டது இரண்டாவதே.

இதனோடு இணைந்த மற்றோர் உடன்பாடும் உண்டு. கூகிளின் செயலிகளைத் தாங்கிய தொலைபேசிகளை விற்கும் கம்பனி, கூகிள் ஏற்காத அன்ட்ரொயிட் வடிவம் எதனையும் வேறெந்தக் கருவியிலும் விற்றல் ஆகாது. கூகிள் கூறும் நியாயம் இது: ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருத்தினால் ஓரிடத்தில் இயங்கும் செயலி மற்றோரிடத்தில் இயங்காது, பயன்படுத்துவோரும் நிரலாளரும் அல்லலுறுவர். இதனை வெறும் சாட்டு என ஒதுக்குதல் நேர்மையாகாது. பொது அளவுகோல் அவசியமானதே. ஆயின், அவ்வளவுகோலைப் பிடிக்கும் கை எவருடையது? 2012 செப்டெம்பரில், அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தைக் கொண்ட தொலைபேசியை ஏசர் கம்பனி சீனாவில் வெளியிட முற்பட்டது. அலியுன், அன்ட்ரொயிட்டின் ஒவ்வாத கிளை என்றது கூகிள், அலிபாபா மறுத்தது. வெளியீட்டு விழாவோ கைவிடப்பட்டது. வழக்காடுபவனே நீதிபதியாகவும் அமர்ந்தால் தீர்ப்பு எவ்வாறிருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

காலப்போக்கில் காணியிலிருந்தும் வளம் பெயர்க்கப்பட்டது. இசை, நாட்காட்டி, விசைப்பலகை முதலியவற்றின் திறந்த வடிவங்கள் கவனிப்பாரற்றுக் கிடக்க, மூடிய வடிவங்களே வளர்க்கப்பட்டன. 2012 முதல் பல அடிப்படைச் சேவைகளும் கூகிளின் மூடிய மென்பொருள் ஒன்றினுள் குடியேறின. 2025இலோ, உருவாக்க வேலை முழுவதும் கதவுக்குள்ளேயே நடைபெறும், வெளியீட்டின் பின்பே மூலநிரல் தரப்படும் என அறிவிக்கப்பட்டது. இதன் விளைவை 2019இல் ஹுவாவி அனுபவத்தில் கண்டது. அமெரிக்க அரசின் வர்த்தகத் தடையின்போதும் திறந்த மூலநிரலை அதனிடமிருந்து எவராலும் பறிக்க முடியவில்லை. செயலிகளும் சந்தையும் மட்டுமே பறிக்கப்பட்டன. சீனாவுக்கு வெளியே அதன் தொலைபேசி விற்பனையைச் சரிக்க அதுவே போதுமாயிற்று.

ஐரோப்பிய ஆணைக்குழு 2018இல் கூகிளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது; 2022இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அதனை 412.5 கோடியாகக் குறைத்து, தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதிசெய்தது. அதே ஆண்டில் இந்தியப் போட்டி ஆணைக்குழுவும் 1,337.76 கோடி ரூபா தண்டம் விதித்தது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும், ஐரோப்பியத் தீர்ப்பின் பின் கூகிள் செய்தது யாது? தேடலையும் உலாவியையும் கட்டிலிருந்து பிரித்து, ஏனைய செயலிகளுக்குக் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்தது. தண்டம் நீர்க்கூலியை மாற்றியது. கிணற்றின் சொந்தக்காரனை மாற்றவில்லை.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் நம்மையும் விமர்சித்துக்கொள்ளல் வேண்டும். மூலநிரல் திறந்துவிட்டால் உடைமைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என நம்மிற் பலர் நம்பினர். பொது உரிமத்தைத் தெரிந்திருந்தால் இவ்வவலம் நேர்ந்திராது என்போரும் உளர். அதுவும் அரை உண்மையே. பொது உரிமமும், தனித்தனி நிரல்களை ஒரே தட்டில் அடுக்கி விநியோகிப்பதைத் தடுப்பதில்லை. லினக்ஸ் கருவும் மூடிய செயலிகளும் ஒரே தொலைபேசியில் குடியிருப்பதே அதற்குச் சாட்சி. உரிமம் நிரலின் எழுத்தைக் காக்கும். சந்தையையோ, சேவையையோ, வர்த்தகப் பெயரையோ அது தொடுவதில்லை. அதிகாரம் குடிபெயர்ந்தது அவ்விடங்களுக்கே.

எனவே பொதுக் கிணறு வெட்டுவோரின் உழைப்பே இன்று போற்றத்தக்கது. 2010இல் தோன்றிய எஃப்-டிரொயிட் என்ற கட்டற்ற மென்பொருட் களஞ்சியம், கூகிளின் மூடிய சேவைகளுக்கு மாற்றாக எழுதப்படும் மைக்ரோஜி, 2016இன் இறுதியில் சயனோஜென்மொட் மறைந்தபின் அப்பணியைத் தொடரும் லினியேஜ் ஓ.எஸ். ஆகியவை அத்தகையன. கூகிளின் அத்தாட்சி இல்லாத கருவியில் இயங்க மறுக்கும் வங்கிச் செயலிகள் இன்னும் அவற்றின் வழியை மறித்து நிற்கின்றன. அதனை அகற்றுதல் தொண்டர்களான நிரலாளரால் மட்டும் ஆகக்கூடியதன்று. பொதுச் சேவைகள் எந்தக் கருவியிலும் இயங்கவேண்டும் எனக் கோரும் மக்கள் இயக்கத்தாலேயே அது ஆகும். திறந்த மூலநிரலைப் பற்றி வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியர், மூலநிரல் எங்கே கிடைக்கும் என்பதோடு நின்றுவிடலாகாது. அது இயங்குவதற்கு வேண்டியவற்றை எவர் வைத்திருக்கிறார், எந்த நிபந்தனையில் தருகிறார், எப்போது மறுக்கக்கூடும் என்ற வினாக்களையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். உறுதியை முழுதாக வாசியாமற் கையொப்பமிட்ட தலைமுறையாக அவர்கள் ஆகிவிடக் கூடாது.