பரிசிலும் விலையும்: காவிரி நாட்டுப் புதின ஆசிரியர் சிலர்

கலைக்கென எழுதியவர், சந்தைக்கென எழுதியவர் எனப் புதின ஆசிரியரை இருவகையாகப் பகுத்து, முன்னவரைப் போற்றுவதும் பின்னவரை இகழ்வதும் தமிழ்த் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. எழுதிப் பொருள் பெற்றவன் கலைஞனாகான் என்பது இப்பகுப்பின் அடியில் உள்ள கருத்து. இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்குரிய களமாகத் தஞ்சைப் பகுதி கொள்ளப்பெறுகின்றது. தமிழின் முதற் புதினமும், பெரும்புகழ் பெற்ற தொடர்கதையும், விலைபோகாமல் தேங்கிய அரிய நூல்களும் இக்காவிரி நாட்டாராலேயே எழுதப்பட்டன ஆதலின், வேறிடம் தேடவேண்டுவதில்லை.

முதற்கண் ஓர் அளவுகோல் வேண்டும். அதனைப் புறநானூறு தருகின்றது. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். மன்னன் அவரைக் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் கண்டு, தம் கல்வியை அளந்தறிந்து தருவதாயின் தினையளவு பொருளும் தமக்கு இனிது என்றார். இவர் செல்வரல்லர். பசித்த மக்களையும் வெறும் பானையையும் நெஞ்சுருகப் பாடியவரும் இவரே. எனவே அவர் பொருளை வெறுத்தார் என்பது பொருந்தாது. தம்மை அறியாது தந்த பொருளையே அவர் வெறுத்தார். பொருள் பெறுதல் குற்றமன்று. எதற்கு, யாரால், எவ்வாறு அளக்கப்பட்டுப் பெறுகிறோம் என்பதே வினா என்பது இதனாற் பெறப்படும். புதின ஆசிரியரை இவ்வினாவைக் கொண்டு நோக்குதல் தகும்.

1879ஆம் ஆண்டு ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். அவருடைய உணவுக்கு அந்நூலின் விற்பனை வேண்டப்படவில்லை. கதையை இடையில் நிறுத்தி அறவுரை கூறவும், கிளைக்கதைகளை விருப்பம்போல் அடுக்கவும் அவரால் இயன்றது. விலைபற்றிய கவலையின்மை அவருக்கு உரிமையைத் தந்தது, கட்டுக்கோப்பைத் தரவில்லை. சந்தையை எதிர்கொள்ளாமையே சிறப்பாகிவிடாது என்பதற்கு இம்முதல் நூலே சான்றாகும்.

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறிற்று. மன்னார்குடியை அடுத்த வடுவூரிற் பிறந்த துரைசாமி ஐயங்கார், ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ முதலிய கதைகளால் பெரும் வாசகர் கூட்டத்தை ஈட்டினார். ‘மேனகா’ 1935இல் திரைப்படமாயிற்று. ‘கும்பகோணம் வக்கீல்’ 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்னும் பெயரில் திரைக்கு வந்தது. மேனாட்டுத் துப்பறியும் கதைப்போக்கைத் தஞ்சை அக்கிரகாரத்திற்கும் வழக்குமன்றத்திற்கும் கொணர்ந்தவர் அவர். வாசகர் எதனை விரும்புவர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். எனினும் அவ்வறிவே அவர்தம் எல்லையாகவும் அமைந்தது. வாசகர் முன்னரே விரும்பியதை அன்றி, இனி விரும்பத்தக்கது எது என அவர் காட்ட முற்பட்டிலர்.

கல்கி இதனினும் ஒருபடி சென்றார். மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த அவர், 1941இல் சதாசிவத்துடன் தம் பெயரிலேயே இதழ் தொடங்கினார். அதற்கு வேண்டிய பொருளுக்காக எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நாரதராக நடித்தமை பலரும் அறிந்தது. எழுதுவோனும் பதிப்போனும் ஒருவனேயாயின் சந்தையின் கடிவாளம் எழுத்தாளன் கைக்கு வரும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ அக்கடிவாளத்தின் விளைவு. சோழர் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் பற்றிய செய்திகளை வார இதழ் வாசகன் விரும்பிக் கேட்டதில்லை. கல்கியே கேட்கச் செய்தார். ஆயினும் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் வாசகனை அடுத்த வாரத்திற்கு இழுத்துச் செல்லும் கடமையிலிருந்து அவரும் விடுபட்டிலர். மாந்தர் பலர் உள்ளத்தால் வளராது, நிகழ்ச்சியால் உந்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதவர் இருவர். எம். வி. வெங்கட்ராம் 1920இல் கும்பகோணத்திற் பிறந்தார்; தி. ஜானகிராமன் 1921இல் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியிற் பிறந்தார். ஒரே ஊரின் தெருக்களையும் ஒரே ஆற்றின் படித்துறைகளையும் அறிந்த நண்பர்கள் இவர்கள். வாழ்க்கைக்குப் பொருள் தேடிய வழியில் மட்டும் வேறுபட்டனர். ஆதலின் ஒப்பீட்டிற்கு இவர்களினும் தக்கார் அரியர்.

ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். மாத ஊதியம் குடும்பத்தைக் காத்தது. ‘மோகமுள்’ சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வெளிவந்தது. அந்நூலின் உட்பொருள் நம் வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. கதைத் தலைவன் பாபு இசை பயில்பவன். அரங்கேறிப் புகழும் பொருளும் பெறும் வழி அவன்முன் திறந்திருக்கின்றது. குரல் இன்னும் பண்படவில்லை எனக் கருதி அவன் அதனைத் தள்ளி வைக்கின்றான். சென்னையில் அலுவலகப் பணி பார்த்து வயிறு வளர்க்கின்றான். இறுதியில் மேலும் கற்கவே வடபுலம் செல்கின்றான். கலையை விற்க விரையாத ஒருவன் கதையை, வாரந்தோறும் விற்கும் இதழிலே எழுதினார் ஜானகிராமன்.

இதனை முரண் என்று கூறி அமைதல் போதாது. தொடரின் தேவையை அவர் எவ்வாறு நிறைவு செய்தார் என்பது நோக்கற்பாலது. கொலையும் களவும் மறைபொருளும் இன்றி வாசகனை வாரந்தோறும் நிறுத்துதற்கு அவர் உரையாடலைக் கருவியாகக் கொண்டார். தஞ்சை மக்களின் வாய்மொழி, அதன் குத்தலும் குழைவும் மௌனமும், ஒவ்வோர் இயலையும் தாங்கும் தூணாயின. விடியற்காலை இசைப்பயிற்சி போன்ற நிகழ்ச்சியற்ற பகுதிகள் அத்தூண்களின் மேல் நின்றன. சில இடங்களில் கதை நீண்டு தளர்வதை மறுப்பதற்கில்லை. அது தொடருக்கு அவர் செலுத்திய வரி. ஆனால் வரி செலுத்தியவர் நிலத்தை இழந்திலர். பாபு யமுனாபால் கொண்ட வேட்கையை எங்கும் அவர் வாசகர் மனம் கோணாவண்ணம் மழுப்பவில்லை. மாத ஊதியம் தந்த உறுதி இதற்குத் துணையாயிற்று என்று கொள்ளுதல் மிகையாகாது.

வெங்கட்ராமின் வழி கடினமானது. பதினாறாம் வயதிலேயே மணிக்கொடியில் கதை வெளியிடப்பெற்றவர் அவர். பட்டு, சரிகை வாணிகத்தில் ஈடுபட்டவர். வாணிகத்தால் ஈட்டியதைக் கொண்டு 1948இல் ‘தேனீ’ என்னும் இதழைத் தொடங்கினார். சந்தைக்கு வளையாத எழுத்துக்குத் தாமே சந்தை அமைக்கலாம் என்னும் எண்ணம் அதில் இருந்தது. கல்கிக்குக் கைகூடிய வழி இவருக்குக் கைகூடவில்லை. இதழ் நிலைக்கவில்லை, பொருள் கரைந்தது. பின்னர்ப் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளையும் மொழிபெயர்ப்புகளையும் பதிப்பகத்தின் தேவைக்கேற்ப எழுதி அவர் குடும்பத்தைக் காக்க நேர்ந்தது.

இத்தகைய கூலியெழுத்து கலைஞனைக் கெடுத்துவிடும் என்பர். வெங்கட்ராமின் நூல்கள் இதற்கு உடன்படவில்லை. ‘வேள்வித் தீ’ கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. தறியில் அமர்பவனுக்கும் முதலாளிக்கும் இடையிலுள்ள கணக்கு, கூலி, கடன் ஆகியவை அதில் வெளியிலிருந்து பார்த்தவன் கூற்றாக இல்லை. அத்தொழிலுள் வாழ்ந்தவன் கூற்றாக உள்ளன. அவரை எழுத விடாது அலைக்கழித்த வாணிகமே அவர் எழுத்திற்குப் பொருளும் தந்தது.

‘காதுகள்’ 1992இல், ஆசிரியர்க்கு எழுபது வயது கடந்தபின், வெளிவந்தது. 1993இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. மகாலிங்கம் என்பான் செவிகளில் இழிந்த குரல்கள் ஓயாது ஒலிக்கின்றன. இல்லத்தில் வறுமை சூழ்கின்றது. அவன் முருகனைப் பற்றிக்கொண்டு நிற்கின்றான். ஆசிரியர்தம் சொந்தத் துன்பத்தை அடிப்படையாகக் கொண்ட கதை இது. வாசகனைத் தேற்றும் தீர்வோ, அடுத்த பக்கத்திற்கு ஈர்க்கும் சூழ்ச்சியோ இதில் இல்லை. பிறர் கேட்டதைப் பல்லாண்டு எழுதிக் கொடுத்த கை, எவரும் கேளாததை இங்ஙனம் எழுதிற்று. கூலிக்கு எழுதும்போது பிறர் அளவையும், தமக்கென எழுதும்போது தம் அளவையும் கையாண்டு, ஒன்றை மற்றொன்றிற் கலவாது காத்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. வறுமை கலையை வளர்க்கும் என்னும் கூற்று பொய். மணிக்கொடிக் காலத்திலேயே அறிமுகமான ஒருவர் தம் தலைசிறந்த புதினத்தை வெளியிட ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆயின. ஊதியம் பெற்ற நண்பரோ 1982இல் மறைவதற்குள் புதினங்கள் பலவற்றைத் தந்து சென்றார். இவ்வேறுபாட்டிற்குத் திறமை காரணமன்று, பொழுதே காரணம். வெங்கட்ராம் எழுதாது போன நூல்கள் தமிழ் வாசகர் செலுத்திய விலை. அவ்விழப்பிற்கு அவரைக் குறை கூறுவதும், அவ்வறுமையைத் தவமெனப் புகழ்வதும் ஒருங்கே தவறு.

வார இதழ்த் தொடர்கதையின் செல்வாக்கு இன்று பெரிதும் குறைந்துவிட்டது. புதிதாகப் புதினம் எழுதப் புகும் இளைஞர்முன் வேறு சந்தைகள் உள்ளன. வினா மட்டும் பழையதே. அலுவலுக்குச் செல்வது கலைக்குத் துரோகமாகாது. பிறர்க்கு எழுதிக் கொடுத்துப் பொருள் பெறுவதும் இழிவாகாது. விலைக்கு எழுதியதன் அளவையைத் தன் புதினத்தின்மேல் வைப்பதே இழிவு. காவிரி நாட்டு உழவன் அறுவடை நெல்லை விற்பான், உண்பான், கடனுக்கும் அளப்பான். பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்கத் தயங்குவான். பெருஞ்சித்திரனார் காத்ததும் வெங்கட்ராம் காத்ததும் அத்தகைய ஒன்றேயாம்.