வினாத்தாளில் இல்லாத மனிதன்

அமோனியா மூலக்கூறு எவ்வடிவினது? அதன் பிணைப்புக் கோணம் எவ்வளவு? ஒரு பங்கு நைட்ரஜனோடு எத்தனை பங்கு ஹைட்ரஜன் கூடினால் அது விளையும்? நீட் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவரை நள்ளிரவிலே தட்டி எழுப்பிக் கேட்டுப் பாருங்கள், கண் திறவாமலே விடை கூறுவர். முக்கோணப் பிரமிடு, 107 பாகை, மூன்று பங்கு!

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவிலே, எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்களை அந்த அமோனியாவே தட்டி எழுப்பிற்று. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியாவைக் கொணரும் கடலடிக் குழாயிலே கசிவு. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. பிள்ளைகளைத் தோளிலே சுமந்து, முதியோரைக் கையிலே பற்றி, இருளிலே ஓடினர் மக்கள். பலர் மருத்துவமனைகளிலே சேர்க்கப்பட்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தைக் கருமையாக்கி, வலையையும் படகையும் பாழாக்கியிருந்தது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி, மருத்துவம் பயில விழைபவள், ஒரு நாள் என்னை வினவினாள்: "சார், அந்தக் குழாய் ஏன் நம்ம கடல்ல கெடக்குது? பெசன்ட் நகர் கடல்ல ஏன் இல்ல?"

நான் கூறிய விடை: "அது தேர்வுக்கு வராதம்மா."

கூறிவிட்டு நகர்ந்தேன். அந்த விடைக்காக நான் வெட்கப்பட்டேன், இன்றும் வெட்கப்படுகிறேன். அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

நூலுக்கு மதிப்புரை எழுதுவது நம் வழக்கம். இன்று வினாத்தாளுக்கு எழுதப் புகுகின்றேன். நூலொன்றைப் படிப்போர் சில ஆயிரவர். நீட் வினாத்தாளை அண்மை ஆண்டுகளிலே எழுதுவோரோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். எந்த நூலுக்கு வாய்த்தது இத்துணைப் பெரிய வாசகர் கூட்டம்? ஆராயாது விடலாமா அதனை?

2025ஆம் ஆண்டுத் தாளை எடுத்துக்கொள்வோம். 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45, உயிரியலுக்கு 90. இந்த 180 வினாக்களிலே மனிதன் எங்கே? இதயம் உண்டு, இதயம் படபடக்க மருத்துவமனை வாயிலிலே நிற்பவன் இல்லை. நுரையீரல் உண்டு, அந்த நுரையீரல் எந்தத் தெருவின் காற்றைச் சுவாசிக்கிறது என்ற கேள்வி இல்லை. மூளை உண்டு, மனம் இல்லை. உளவியலும் சமூகவியலும் அத்தேர்வின் பாடத்திட்டத்திலேயே இடம் பெறவில்லை.

இருந்தாக வேண்டுமா எனக் கேட்பர் சிலர். ஊசி போடுபவனுக்கு ஊர்க்கதை எதற்கு என்பர். அவர்கட்கு ஏர்வாடியை நினைவூட்டுகின்றேன். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அங்கே மனநோயாளர் காப்பிடம் ஒன்றிலே தீப்பிடித்தது. சங்கிலியிலே பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகினர். பேய் பிடித்தது என்றனர், பிணைத்தனர். தெய்வம் தீர்க்கும் என்றனர், காத்திருந்தனர். தீ வந்தது, தெய்வம் வரவில்லை! சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்தது. சட்டம் சங்கிலியை அறுக்கலாம். சங்கிலியைக் கொண்டுவந்து பூட்டிய எண்ணத்தை அறுப்பது யார்? மன நோயும் நோயே, மருந்துண்டு அதற்கும் என்பதை வீட்டாருக்கு விளங்கும் மொழியிலே எடுத்துரைக்கும் மருத்துவரன்றோ! அவருக்கு உள்ளத்தின் இயல்பும் தெரிய வேண்டும், ஊரின் இயல்பும் தெரிய வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவக் கல்லூரி புக விரும்புவோர் எழுதும் தேர்வு எம்கேட். நெடிய மறுஆய்வுக்குப் பின் 2015ஆம் ஆண்டிலே அதனைத் திருத்தி அமைத்தனர். நான்கு பகுதிகளுள் ஒன்றை முழுமையாக மனித நடத்தைக்கே ஒதுக்கினர். 59 வினாக்கள், 95 மணித்துளிகள். அப்பகுதியில் நூற்றுக்கு 65 பங்களவு உளவியல், 30 பங்களவு சமூகவியல், எஞ்சியது உயிரியல். நோயின் வேர் உடலில் மட்டுமன்று, வாழ்விலும் உண்டு என்ற உண்மையை வாயிற்படியிலேயே உணர்த்த வேண்டுமென்பது அவர்தம் நோக்கம்.

நோக்கம் நன்று. புதியதோ எனின், அன்று. 1848ஆம் ஆண்டிலே மேல் சிலேசியாவில் நச்சுக்காய்ச்சல் பரவியபோது, ஆராய்ந்து வர அனுப்பப்பட்டார் ருடால்ஃப் விர்க்கோ எனும் இளம் மருத்துவர். அவர் எழுதித் தந்த மருந்துச்சீட்டிலே கண்டவை கல்வி, உரிமை, வளவாழ்வு! அனுப்பியவர்கட்கு அது கசந்தது. மருத்துவ உலகமோ அதனை இன்றளவும் மறக்கவில்லை.

எம்கேட் பாடத்திட்டத்திலே கூறப்படும் கருத்துகளுள் ஒன்று, காரணம் கற்பிப்பதிலே நாம் செய்யும் அடிப்படைப் பிழை. பிறர் தவறினால் அவர் குணமே காரணம் என்போம். அவரைச் சூழ்ந்த நிலையைக் காண மறுப்போம். காசிமேட்டு மீனவர் ஒருவர் முற்றிய நோயோடு மருத்துவமனைக்கு வருகிறார். "ஏன் இத்தனை நாள் வரவில்லை? அலட்சியம்!" என்று சீறுகிறார் மருத்துவர். அலட்சியமா அது? ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கடல் போயிற்று. கடல் போனால் அடுப்பு அணைந்தது. வரிசையிலே நின்றால் விரட்டுவார்களோ என்ற அச்சம் வேறு. இவை எதுவும் மருத்துவரின் ஏட்டிலே ஏறவில்லை. அலட்சியம் என்ற ஒரு சொல் மட்டும் ஏறிற்று. இப்பிழையின் பெயரையும் தன்மையையும் கற்ற மருத்துவர், சீறும் முன் ஒரு நொடி தயங்கக்கூடும். அந்த ஒரு நொடித் தயக்கத்திற்காகவேனும் இக்கல்வி வேண்டும் என்பேன்.

அப்படியாயின், நீட் தேர்விலே உளவியலையும் சமூகவியலையும் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்ததா? இங்கேதான் தோழர்களே, நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மாணவர் அப்பகுதிக்கு எங்ஙனம் ஆயத்தமாகின்றனர்? நினைவட்டைகள் நூற்றுக்கணக்கில்! ஒரு புறம் பெயர், மறு புறம் வரையறை. பாவ்லவ் என்றால் நாய், ஸ்கின்னர் என்றால் வெகுமதி, துர்கைம் என்றால் தற்கொலை ஆய்வு என்று உருப்போட்டு, ஒப்பித்து, உதறிவிடுவோர் அங்கும் பலர். பியர் பூர்தியு எனும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த பண்பாட்டு மூலதனம் என்ற கருத்தும் அப்பாடத்திட்டத்திலே உண்டு. படித்த வீட்டிலே பிறந்த பிள்ளைக்கு நூலும், நுனிநாக்கு மொழியும், தேர்வு எழுதும் நுணுக்கமும் பிறப்பிலேயே வந்து சேரும் செல்வம். பள்ளி அச்செல்வத்தையே அறிவென்று மதிப்பிட்டு மாலை சூட்டும் என்பது அதன் சாரம். இக்கருத்துக்குச் சரியான கட்டத்தை நிரப்பி மதிப்பெண் பெறுகிறார் செல்வர் வீட்டு மாணவர். பணம் கட்டிப் பயிற்சி பெற்று, ஓய்வோடு அமர்ந்து படித்துத் தாம் எழுதும் அத்தேர்வே அந்த மூலதனத்தை நிறுக்கும் தராசு என்பது அவர் நெஞ்சைத் தைத்ததா? தைத்ததா இல்லையா என்பதை அறியும் வினா எந்தத் தாளிலும் இல்லை.

இன்னும் ஒன்று. அங்கே அத்தேர்வை எழுதுவோர் கல்லூரிப் படிப்பினூடே அல்லது அதனை முடித்து வருவோர். இப்பாடங்களை ஆசிரியரிடம் முறையாகக் கேட்கும் வாய்ப்பு அவர்கட்கு உண்டு. இங்கே எழுதுவோர் 17, 18 வயதினர். மேனிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவு எடுத்த எண்ணூர்ப் பிள்ளை உளவியலை எங்கே கேட்டது? பள்ளியிலே கற்பிக்காததைத் தேர்விலே கேட்டால் கொழிப்பது யார்? பயிற்சி வணிகர்! மூன்று பாடங்களுக்கு விலை வைத்தோர் ஐந்து பாடங்களுக்கு விலை வைப்பர்.

இது வெறும் ஐயமன்று. நீட் தேர்வின் விளைவை ஆராய 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு, மருத்துவக் கல்லூரியிலே இடம் பெற்றோரைக் கணக்கிட்டுப் பார்த்தது. மீண்டும் மீண்டும் எழுதி இடம் பெற்றோர் 2016-17இல் 100க்கு 12 பேரளவே. 2020-21இலோ 71 பேர். ஓராண்டோ ஈராண்டோ வருவாயின்றி வீட்டிலிருந்து, பயிற்சி நிலையத்துக்குப் பணமும் கட்ட வல்லவர் யார்? துறைமுகத்திலே மூட்டை தூக்குவோர் மகனா? ஐஸ் கட்டியிலே மீன் அடுக்குவோர் மகளா?

நம்மையும் நாம் விட்டுவிடலாகாது. நீட் வருமுன் நாம் போற்றிய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் மாசற்றதாக இருந்ததோ? பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பரணிலே போட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளை நாம் அறிவோம். மதிப்பெண்ணைக் கடவுளாக்கிக் கும்பிட்டோம். கடவுள் இல்லையென்று கூறியவர் வீட்டிலும் அக்கும்பிடு நடந்தது. பள்ளிக் கல்வியின் அடிப்படையிலே சேர்க்கை வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அந்தப் பள்ளிக் கல்வியிலே மனிதன் இருக்க வேண்டும் என்று கேட்கும் கடமையும் நமக்கே உண்டு.

ஆகவே என் முடிபு இது. சமுதாயம் அறிந்த மருத்துவர் வேண்டும். அதற்கு, சமுதாயம் பற்றிய கட்டங்களை நிரப்புவோரைத் தேடுவது ஒரு வழி; சமுதாயத்தின் எல்லாத் தெருக்களிலிருந்தும் மாணவரை அழைப்பது மற்றொரு வழி. பின்னதே வேர் வழி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்றவர். தேவதாசி மரபிலே பிறந்த தாயின் மகள் அவர். பொட்டுக்கட்டும் கொடுமையை அவர் எந்தப் பாடநூலிலே படித்தார்? வாழ்விலே கண்டார், சட்டமன்றத்திலே முழங்கினார், 1947ஆம் ஆண்டிலே அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையும் எழுந்தது. கதவு அவருக்குத் திறந்திராவிடில் இழப்பு அவருக்கா, நாட்டுக்கா?

2020ஆம் ஆண்டிலே அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. கதவு சற்றே திறந்தது, நன்று. அதே பள்ளிகளிலே உளவியலின் தொடக்கமும் சமூகவியலின் தொடக்கமும், அறிவியல் பிரிவினர் உட்பட அனைவர்க்கும், தமிழிலே, மதிப்பெண் அச்சமின்றிக் கற்பிக்கப்பட வேண்டும். மருத்துவம் புகுந்தபின் நடத்தையும் நெறியும் கற்பிக்கும் பாடம் 2019 முதல் கல்லூரிகளிலே உண்டு. கல்லூரி புகாத மீதிப் பேருக்கு? அவர்களும் நோயாளர் ஆவர், நோயாளரின் தாய் ஆவர், நாளை ஏர்வாடிக்கு அழைத்துச் செல்வதா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா என முடிவு செய்பவர் ஆவர்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்பதோ? படிப்பகம் கண்ட இயக்கம் இது. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்துக் காட்டி எழுத்தறியாதாரையும் சிந்திக்க வைத்த இயக்கம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள இளைஞர் மன்றங்கள் வாரத்துக்கு ஒரு மாலையை ஒதுக்கட்டும். நீட் எழுதுவோர் அத்தேர்வுக்கு முழு மூச்சாய்ப் படிக்கட்டும். அதிலே தளர்ச்சி வேண்டா. அந்த ஒரு மாலை மட்டும், மனம் என்றால் என்ன, அச்சம் எப்படி விளைகிறது, நோய் ஏன் சில தெருக்களை மட்டும் சுற்றுகிறது என்று பேசட்டும்.

என் மாணவிக்கு நான் தர வேண்டிய விடை ஒன்று பாக்கியிருந்தது. எம்கேட் பாடத்திட்டத்திலே சுற்றுச்சூழல் நீதி என்றொரு தலைப்பு உண்டு. நச்சும் குப்பையும் எவர் வாழும் இடத்துக்கு அனுப்பப்படுகின்றன, எவர் உடலிலே நோயாகின்றன என்பதே அதன் பொருள். அதைச் சென்ற வாரம் அவளிடம் எடுத்துரைத்தேன். துறைமுகம் இங்கே வந்த கதை, அதையொட்டி ஆலைகள் வந்த கதை, எதிர்த்துக் கேட்கும் குரலுக்கு எங்கே வலிவு குறைவோ அங்கே குழாய் நீளும் கதை யாவற்றையும் கூறினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இதுக்குப் பேரு கூட வச்சிருக்காங்களா சார்?" என்றாள்.

வைத்திருக்கிறார்கள். பெயரைக் கற்றவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். பொருளைச் சுவாசித்தவள் என் வகுப்பிலே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் மருத்துவராக வேண்டும்.