இனமும் கதியும்

தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்கு அருகே, போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள பொட்டிபுரம் என்னும் சிற்றூரின் பெயர் சில ஆண்டுகளாக நியூட்ரினோ என்ற நுண்துகளின் பெயரோடு சேர்த்தே பேசப்பட்டு வந்திருக்கிறது. மலையைக் குடைந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் அமைத்து, அதன் முடிவில் அத்துகளை ஆராய 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவி ஒன்றை நிறுவும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இம்மலையில் அத்திட்டத்துக்கு இடமளிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது. மலையும் நீரும் புலிகளின் வழித்தடமும் சம்பந்தப்பட்ட அந்த வழக்கின் நியாய அநியாயங்கள் இக்கட்டுரையின் விஷயம் அல்ல. வெட்டப்படாத அந்தக் குகைக்காக வரையப்பட்ட திட்டத்தில், அதிகம் பேர் கவனியாத வேறொரு பிரச்சினை ஒளிந்திருந்தது; அது பௌதிகத்தைச் சேர்ந்ததன்று, கணினி நிர்வாகத்தைச் சேர்ந்தது.

வரைவின்படி அக்கருவியில் 151 இரும்பு அடுக்குகள். அடுக்குகளின் இடைவெளிகளில், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வாயுவை நிரப்பி உயர் மின்னழுத்தம் ஊட்டிய சதுர உணர்கலங்கள் 28,800. பக்கத்துக்குச் சுமார் 2 மீட்டர் அளவுள்ள ஒவ்வொரு கலத்திலும், குறுக்கும் நெடுக்குமாகத் திசைக்கு 64 பட்டைகள். ஆக மொத்தம் 36,86,400 மின்வழிகள். ஒவ்வொரு கலத்தின் ஓரத்திலும் ஒரு மின்னணுப் பலகையைப் பொருத்தி, அதற்கு ஈதர்நெட் இணைப்பும் கொடுத்து, கலம் ஒவ்வொன்றையும் வலைப்பின்னலின் தனி உறுப்பினராக்குவது என்று வடிவமைப்பாளர்கள் தீர்மானித்திருந்தார்கள். துகள் கடந்து செல்லும்போது அந்தச் சம்பவத்தைப் பதிவு செய்து அனுப்புவது பலகையின் ஒரு வேலை. துகள் வந்தாலும் வராவிட்டாலும், பட்டைகளின் இரைச்சல் வீதம் என்ன, மின்னழுத்தம் எவ்வளவு, வெப்பமும் ஈரமும் எப்படி என்று குறித்த இடைவெளிகளில் தன் க்ஷேமத்தைத் தெரிவித்துக்கொண்டே இருப்பது மற்றொரு வேலை. மதுரையில் இதன் மாதிரியாக 85 டன் எடையில் அமைத்த சிறு கருவியில் இத்தகைய கலங்கள் 20. இருபதை ஒருவர் பெயர் சொல்லி அறியலாம்; எது சுபாவமாகவே இரைச்சல் மிகுந்தது, எது மழைநாளில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் பணியாளரின் நினைவிலேயே நிற்கும். இருபத்தெட்டாயிரத்து எண்ணூற்றை எவர் நினைவும் தாங்காது. அங்கே விதி ஒன்று வேண்டியிருக்கிறது.

அவ்விதியை எழுதுவதற்கென்று உலகம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் மென்பொருள்களுள் நாகியோஸ் முதன்மையானது. ஈத்தன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, 2002-இல் பெயர் மாற்றிய இம்மென்பொருள், ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தோடு இணைந்து பல நாடுகளிலும் பரவிய கணினிக் கூட்டமைப்பைக் கண்காணிக்கவும் பல்லாண்டுகள் பயன்பட்டது. இதன் தத்துவம் எளியது. கண்காணிக்கப்படும் யந்திரம் ஒவ்வொன்றும் ஒரு ஹோஸ்ட். அதன்மேல் நடத்தும் சோதனை ஒவ்வொன்றும் ஒரு சர்வீஸ். சோதனையின் விடை நலம், எச்சரிக்கை, அபாயம், தெரியவில்லை என்னும் நான்கில் ஒன்று. இவை அனைத்தையும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் நிர்வாகி கையால் எழுதி வைக்கிறார்.

கையால் எழுதுவது என்றதுமே கணக்கு நம்மை மிரட்டுகிறது. கலத்துக்குப் பத்துச் சோதனை என்று வைத்துக்கொண்டால் 2,88,000 வரையறைகள். வரையறைக்கு ஐந்து வரி என்றாலும் பதினான்கு லட்சம் வரிகளைத் தாண்டும். ஆகவே புத்தியுள்ள நிர்வாகிகள் ஹோஸ்ட்களைக் குழுக்களாகப் பிரித்து, சோதனையைக் குழுவின் தலையில் ஒருமுறை எழுதிவிடுகிறார்கள். எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது, தவறினால் எத்தனை முறை மீண்டும் பார்த்து உறுதி செய்வது, யாருக்குச் செய்தி அனுப்புவது என்பன போன்ற பொது லட்சணங்களை ஒரு டெம்ப்ளேட்டில் வைத்து, மற்றவை அதனிடமிருந்து சுவீகரித்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். புதிய யந்திரம் வந்தால் குழுவில் அதன் பெயரைச் சேர்ப்பது ஒன்றே வேலை. பத்துச் சோதனைகளும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் வந்த ஐசிங்கா, ஜாபிக்ஸ், செக்எம்கே முதலியவை இதையே வேறு வேறு உருவங்களில் செய்கின்றன. அவற்றைத் தனித்தனியே விவரிப்பதில் பிரயோஜனம் இல்லை.

இம்முறையின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. உழைப்பு மிச்சப்படுகிறது என்பது அதன் சிறிய நன்மை. பெரிய நன்மை, மறதிக்கு அது இடம் கொடுப்பதில்லை என்பதே. தனித்தனியாக எழுதும் இடத்தில் நூறாவது யந்திரத்துக்கு வட்டுக் கொள்ளளவுச் சோதனை விட்டுப்போனால், அந்த வட்டு நிரம்பி வழியும் நாள்வரை ஒருவருக்கும் தெரியாது. குழுவின்மேல் எழுதும் இடத்தில் ஒன்றுக்கு உண்டென்றால் எல்லாவற்றுக்கும் உண்டு. உறுப்பினர் ஒருவரும் இல்லாத குழுவுக்கு ஒரு சோதனையை விதித்தால், இயல்பான அமைப்பில் நாகியோஸ் அதைப் பிழையென்று சொல்லித் தொடங்கவே மறுத்துவிடும். இது பலருக்கு எரிச்சலூட்டும் குணம். அதைத் தளர்த்துவதற்கென்று பிற்காலத்தில் ஒரு விருப்பத்தேர்வையும் சேர்த்தார்கள். என் அபிப்பிராயத்தில் பழைய பிடிவாதமே மேலானது. யாருக்கும் பொருந்தாத விதி ஒன்று கோப்பில் கிடப்பதைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் நண்பனேயன்றி விரோதியன்று.

ஆனால் இச்சிறப்பு விளையும் இடத்திலேயே குற்றமும் விளைகிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்பது எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று முடிகிறது. இதை விளங்கிக்கொள்ள, கட்டப்படாத குகையை விட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றுக்கு வருவோம். பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணிக்கென்று தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் அமைந்தது. தேனி மாவட்டத்தில் அவ்வாறான ஊராட்சிகள் 130. ஊராட்சியில் வைக்கும் சிறு பெட்டியை ஓ.என்.டி. என்கிறார்கள். இழையின் வழியே அதற்கு வந்துசேரும் ஒளியின் வலிமையை டி.பி.எம். என்ற அளவையில் கணிப்பர். பரவலாகப் புழங்கும் பெட்டி வகையில் அது மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால் இணைப்பு நிலைக்காது. நிர்வாகி ஒருவர் மைனஸ் 25-இல் எச்சரிக்கை என்று 130 பெட்டிகளுக்கும் பொதுவாக விதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைவில் உள்ள ஓர் ஊருக்குத் தூரம் காரணமாகவே முதல்நாளிலிருந்து மைனஸ் 25.2 வருகிறது, அது என்றும் மஞ்சளாகவே எரிந்து, சில வாரங்களில் பார்ப்பவர் கண்ணுக்குப் பழகிப்போகிறது. அருகில் உள்ள மற்றோர் ஊருக்கு மைனஸ் 16 வந்துகொண்டிருந்தது, ஒரு நாள் மைனஸ் 23-ஆக வீழ்கிறது, எங்கோ இழை மடங்கியிருக்கிறது, அல்லது ஒட்டில் நீர் இறங்கியிருக்கிறது, ஐந்தில் நான்கு பங்கு ஒளி போயே போய்விட்டது, திரையிலோ பச்சை. நோயில்லாதவன் மருத்துவமனையிலும் நோயாளி சந்தையிலும் நிற்கிறான். நஞ்சைக்கும் புஞ்சைக்கும் ஒரே தீர்வை விதித்த கணக்குப்பிள்ளையின் நியாயத்தைவிட இது எவ்விதத்திலும் உயர்ந்ததன்று. பொட்டிபுரத்துக் கலங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். கலத்துக்குக் கலம் இரைச்சல் வீதம் வேறுபடும், வெப்பமும் காற்றழுத்தமும் மாறினால் அதே கலத்துக்குள்ளும் மாறும். வரம்பை ஒவ்வொன்றின் சொந்தப் பழக்கத்திலிருந்து கணித்தாலன்றி அங்கே பொது வரம்புக்கு அர்த்தமே இல்லை.

விதிவிலக்கு அடுத்த குற்றம். குழுவின்மேல் விதித்த சோதனையிலிருந்து ஒரே ஒரு யந்திரத்தை நீக்க வேண்டுமானால், நாகியோஸ் கோப்பில் அதன் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி இட்டால் போதும். இத்தனை பெரிய காரியம் இத்தனை சிறிய குறியால் முடிந்துவிடுவதே அபாயம். கட்டட வேலை நடக்கிறது, பெட்டியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், அலர்ட் வந்து உயிரை வாங்குகிறது என்று ஒரு மாலை நேரத்தில் இட்ட குறி, கட்டடம் முடிந்து வெள்ளையடித்துத் திறப்பு விழாவும் நடந்த பின்னரும் அங்கேயே இருக்கிறது. விலக்கப்பட்ட சோதனை திரையில் சிவப்பாகவும் தெரியாது, பச்சையாகவும் தெரியாது; தெரியவே தெரியாது. ஏன் விலக்கினோம், எதுவரை விலக்கினோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையைக் கேட்கும் இடம் அந்த வரியில் இல்லை. காலவரையறையோடு கூடிய ஓய்வுநேர ஏற்பாடு அதே மென்பொருளில் உண்டு என்பதை மறந்துவிடவில்லை. குறி இடுவது அதைவிடச் சுலபம் என்பதையும் மறக்க முடியவில்லை.

இவ்விரண்டும் திருத்தக்கூடிய குற்றங்கள். மூன்றாவது ஒன்று இம்முறையின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. நிர்வாகிகள் குழுக்களை இனத்தால் வகுக்கிறார்கள்: ஸ்விட்சுகள் ஒரு குழு, சர்வர்கள் ஒரு குழு, ஊராட்சிப் பெட்டிகள் ஒரு குழு. எதைச் சோதிப்பது என்ற கேள்விக்கு இது சரியான பாகுபாடு. ஆனால் எப்போது, யாரை, எத்தனை முறை கூப்பிடுவது என்ற கேள்விக்கும் இதே பாகுபாட்டைப் பயன்படுத்துவதுதான் தவறு. ஏனெனில் யந்திரங்கள் இனத்தால் சேர்ந்து வீழ்வதில்லை, கதியால் சேர்ந்து வீழ்கின்றன. ஒரே மின்பாதையில் இருப்பவை, ஒரே இழையில் தொங்குபவை, ஒரே வாயுக் குழாயை நம்பியிருப்பவை ஒன்றாகவே விழும். தவறினால் மூன்று முறை சோதித்து உறுதி செய் என்னும் விதியின் உள்ளே, தவறுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக நேர்கின்றன என்ற அனுமானம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த அனுமானம் செல்லாது. ஆடிக்காற்று மலைக்கணவாய் வழியாக இறங்கும்போதும், ஐப்பசி இடி மேகமலைப் பக்கம் முழங்கும்போதும், ஃபீடர் எனப்படும் மின்பாதை ஒன்று துண்டிக்கப்பட்டால் அதன் கீழுள்ள ஊர்கள் எல்லாம் ஒரே நொடியில் போகும். மூன்று முறை அல்ல, முப்பது முறை சோதித்தாலும் விடை ஒன்றே. ஒரு மின்தடை, நூறு அலர்ட். கைப்பேசியை மேஜைமேல் கவிழ்த்து வைப்பதைத் தவிரப் பணியாளருக்கு வேறு மார்க்கமில்லை.

மேஜைமேல் கவிழ்ந்த கைப்பேசியை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், இடி மின்னலோடு தொடங்கிய கோளாறு பல மணி நேரம் முற்றி வெடிப்பில் முடிந்தது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிஷங்களில் பணியாளர் இருவர் முன் 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்தன என்று விசாரணை அறிக்கை கண்டது. ஒவ்வொரு கருவியும் தன் கடமையைப் பிசகாமல் செய்ததன் விளைவு அது.

இதற்குப் பரிகாரம் நாகியோஸிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தாய் ஹோஸ்ட் எது என்று எழுதி வைத்தால், நடுவில் உள்ள ரவுட்டர் விழும்போது அதற்கு அப்பால் உள்ளவற்றை விழுந்தன என்று சொல்லாமல், எட்ட இயலாதவை என்று மென்பொருள் பிரித்துச் சொல்லும். மிக நேர்த்தியான யுக்தி. ஆயினும் அது செய்தி செல்லும் பாதையை மட்டுமே அறியும், மின்சாரம் வரும் பாதையை அறியாது. கம்பியின் வரைபடம் ஓர் அலுவலகத்திலும் மின்பாதையின் வரைபடம் வேறோர் அலுவலகத்திலும் இருக்கிற நாட்டில், இரண்டையும் இணைப்பது மென்பொருளின் சாமர்த்தியத்தால் ஆகக்கூடியதன்று. ஓ.என்.டி. பெட்டிகளில் இதற்கு ஓர் அழகான உதவி உண்டு. மின்சாரம் அறும் தருணத்தில், தன்னுள் மிஞ்சியிருக்கும் துளி மின்னூட்டத்தைக் கொண்டு, எனக்கு மின்சாரம் போயிற்று என்ற ஒரே செய்தியை மேலே அனுப்பிவிட்டு அணையும் வசதி அது. டையிங் காஸ்ப் என்பார்கள். அச்செய்தி வந்தால் மின்தடை. வராமலே மௌனமானால் பெரும்பாலும் இழை அறுந்திருக்கிறது. முன்னதற்கு மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். பின்னதற்கு ஏணியோடும் ஒட்டுயந்திரத்தோடும் ஆள் போக வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல், பதில் இல்லை என்று ஒரே சிவப்பில் காட்டும் சோதனை, கையில் கிடைத்த விஷயத்தைக் கீழே போட்டுவிடுகிறது.

எண்ணிக்கையின் பாரத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2,88,000 சோதனைகளை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நடத்துவதானால் நொடிக்கு 960. சோதனைக்கு ஒரு தனி நிரலை எழுப்பி அணைக்கும் நாகியோஸின் பழைய வழிக்கு இது ஏறாத மலை. 2013-இல் வந்த நான்காம் பதிப்பு, அவ்வேலையைப் பணிச் செயலிகளிடம் பகிர்ந்துகொடுத்துச் சுமையைக் குறைத்தது. யந்திரமே தன் நிலையைத் தானாக அனுப்பும்படி செய்வது மற்றொரு வழி. நியூட்ரினோ வரைவும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. அவ்வழியில், செய்தி வராமல் நின்றுபோனதையே ஒரு குற்றமாகப் பாவிக்கும் சோதனை ஒன்றையும் சேர்த்து வைக்காவிட்டால், செத்த கலம் கடைசியாகச் சொன்ன நலம் என்ற சொல்லோடு என்றைக்கும் பச்சையாக நிற்கும்.

ஆகவே குழுவின்மேல் சோதனையை எழுதும் முறையைக் கைவிட வேண்டும் என்பவர்களோடு நான் சேரவில்லை. நூறு யந்திரத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு வேறு கதி கிடையாது. சோதனைக்கு இனத்தால் ஒரு வகுப்பும், அறிவிப்புக்குக் கதியால் மற்றொரு வகுப்பும் என இரண்டு வகுப்புகள் வேண்டும் என்பதே என் வாதம். ஒரே ஹோஸ்ட் பல குழுக்களில் இருக்க மென்பொருள் தாராளமாக இடம் தருகிறது. தருவதை எடுத்துக்கொள்ளாதது நம் சோம்பல். எத்தனை ஆயிரம் கருவிகள் கண்காணிப்பில் உள்ளன என்று ஒப்பந்தப் படிவத்தில் கேட்கும் அதிகாரிகள், அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்க்கட்டும்: கருவி எந்தத் துணை மின்நிலையத்தின் எந்த ஃபீடரில் இருக்கிறது, அதன் சோதனைகளுள் எவை விலக்கப்பட்டுள்ளன, எந்தத் தேதி வரை. தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளுக்கு இவற்றை நிரப்பப் புதிய மென்பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு அலுவலகங்களின் பொறியாளர்கள் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், அவ்வளவே.