ஹெர்னாண்டஸில் எழுந்த நிலா

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’ ஊர் திரும்பும் வழியில் அகப்பட்ட படம். அன்று பகல் முழுக்கச் சாமா பள்ளத்தாக்கில் அலைந்தும் அவருக்குத் தேறியவை சுமாரான சில நெகடிவ்கள்தாம். ஆற்றோரத்தில் இருந்த ஓர் அழகான மரக்கட்டைகூட எவ்வளவு முயன்றும் படத்துக்குப் படியவில்லை. மாலையில் மகன் மைக்கேல், நண்பர் செட்ரிக் ரைட் இருவரோடும் காரில் சான்டா ஃபே நோக்கி வரும்போது தற்செயலாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கிழக்கே பனி மூடிய மலைகளுக்கு மேல் நிலா. கீழே மண்சுவர் வீடுகள், சிறு தேவாலயம், அதையொட்டிக் கல்லறைத் தோட்டம். மேற்கே மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த சூரியனின் கடைசி வெயில் பட்டுச் சிலுவைகள் வெள்ளை வெளேரென்று நின்றன. கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்காத குறைதான். எட்டுக்குப் பத்து அங்குலக் கேமராவை முக்காலியில் ஏற்றி, ஃபோகஸும் செய்தாயிற்று, ஒளிமானியைக் காணோம்.

நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது ஆடம்ஸுக்கு மனப்பாடம். நிலாவும் வெயில் காயும் பாறைதானே. தெளிந்த வானில் முழுநிலவையொட்டிய நாட்களில் அந்த எண்ணை நம்பலாம். அதை வைத்து, மஞ்சள் ஃபில்டர் விழுங்கும் ஒளிக்கும் ஈடுகட்டி, எஃப் 32இல் ஒரு விநாடி ஷட்டரைத் திறந்தார். இன்னொன்று எடுக்க ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

அதிர்ஷ்டம் என்பவர்கள் அந்த 250ஐ மறந்துவிடுகிறார்கள். அந்தச் சாலையில் போன எவர் கண்ணிலும் அன்று அதே நிலா பட்டிருக்கும்.

கிடைத்த ஒற்றை நெகடிவும் லேசில் மசியவில்லை. முன்புறம் மெலிந்து கிடந்ததால் ஒவ்வொரு பிரிண்டுக்கும் இருட்டறையில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1948இல் நெகடிவின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ரசாயனத்தால் அடர்த்தி ஏற்றினார். தொடக்ககாலப் பிரிண்டுகளில் சாம்பல் வானில் மேகத் தீற்றல்கள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் கன்னங்கரேலென்று ஆகி, நிலா பொட்டு வைத்தாற்போல் துலங்கும். கண்ணைப் பறிப்பவை பிந்தியவைதாம். பொழுது சாயும் வேளை என்று நம்பவைப்பவை பழையவை.

எடுத்த தேதியை ஆடம்ஸ் குறித்துவைக்கவில்லை. வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். நிலா நின்ற இடத்தைக் கொண்டு கணக்குப் போட்ட டேவிட் எல்மோர் 1941 அக்டோபர் 31 என்றார். பிறகு கேமரா இருந்த இடத்தைத் திருத்தமாகக் கண்டறிந்து டென்னிஸ் டி சிக்கோ மறுபடி கணக்கிட்டார்: 1941 நவம்பர் 1, மாலை 4.49.