சலம் அளப்பது மட்டும் போதுமா?

மாரி மழை கொட்டி வயல்வட்டைகளில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஏறாவூர்ப் பக்கத்து வைத்தியசாலை வாட்டுகளில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கும். சிறுநீரகத்தைக் கவனிக்காமல் இந்த இரண்டு நோயாளிகளில் எவரையும் காப்பாற்ற முடியாது. வைத்தியர் குறித்த நேரங்களில்தான் வாட்டைச் சுற்றி வருவார். இரத்தப் பரிசோதனையின் முடிவு வர நேரமாகும். சலம் எவ்வளவு போகிறது, என்ன நிறத்தில் போகிறது, காலையில் இமை வீங்கியிருக்கிறதா, அடிவயிறு புடைத்திருக்கிறதா என்பவற்றை இரவும் பகலும் பார்க்கக்கூடியவர் தாதி ஒருவரே. ஆகவே சிறுநீரகத்தையும் சலப்பாதையையும் தாதியர் மதிப்பிடும் முறை வெறும் பாடப்புத்தக விடயமாக இருக்க முடியாது. அந்த முறையில் எது நன்றாக நடக்கிறது, எது நடக்கவில்லை என்பதை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நன்றாக நடப்பதை முதலில் சொல்கிறேன். டெங்கு நோயாளியின் இரத்தக்குழாய்களில் இருந்து நீர்க்கசிவு தொடங்கிவிட்டால் அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தான கட்டம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் கட்டம் முழுவதற்கும் இலங்கையின் வழிகாட்டல் அனுமதிக்கும் மொத்தத் திரவம் 4,600 மில்லிலீட்டர். வாயால் குடிப்பதும் சேலைனும் சேர்ந்த கணக்கு இது. குறைந்தால் அதிர்ச்சி நிலை வரும், கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நோயாளியைக் கொண்டுசெல்ல உதவுவது ஒவ்வொரு மணிக்கும் அளக்கும் சலம். கிலோ ஒன்றுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மில்லிலீட்டர் வரை போனால் போதும். அதற்குக் கீழே இறங்கினால் திரவத்தைக் கூட்ட யோசிக்கிறார்கள். 1 மில்லிலீட்டரைத் தாண்டினால் குறைக்க யோசிக்கிறார்கள். நிறையச் சலம் போனால் நல்லது என்ற பொதுப்புத்தியை இந்த ஒரு நோய் தலைகீழாக்கியது. 2009இல் ஏறத்தாழ 35,000 பேருக்கு டெங்கு வந்தபோது நூற்றுக்கு ஒருவர் அளவில் இறந்தார்கள். 2017இல் நோயாளிகளின் தொகை 186,000ஐத் தாண்டிய வேளையில் இறந்தவர்கள் இருநூறு பேருக்கு ஒருவருக்கும் குறைவு. இந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அளவுச் சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எழுதிய தாதியரின் பங்கைக் கழித்துவிட்டு அந்தக் கணக்கைப் பேசுவது நியாயமில்லை.

டெங்குக் கட்டிலில் இருந்து நாலு கட்டில் தள்ளி நடந்தால் நிலைமை வேறு. பக்கவாதம் வந்த முதியவர் ஒருவர், அல்லது சீனியும் பிரஷரும் உள்ள ஒரு உம்மா. உள்ளெடுப்பும் வெளியேற்றமும் எழுதும் அதே அட்டவணைதான் அவர்களின் கட்டிலிலும் தொங்குகிறது. தாதி வந்து கேட்கிறார்:

"சலம் போனீங்களா, வாப்பா?"

"ரெண்டு தரம் போனன், மகள்."

அட்டவணையில் சலம் போனதைக் குறிக்கும் 'பி.யூ.' என்ற இரண்டு எழுத்தும் பக்கத்தில் ஒரு சரி அடையாளமும் விழுகின்றன. எத்தனை மில்லிலீட்டர் என்று யாருக்கும் தெரியாது. சில வேளைகளில் கூட நிற்கும் மகனோ மருமகளோ தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வெட்டி அதில் பிடித்துவிட்டு, கழிவறையில் ஊற்றிய பிறகு "அரைப் போத்தல் இருக்கும்" என்கிறார். அது 250 ஆகவோ 300 ஆகவோ பதியப்படுகிறது. நாள் முடிவில் கூட்டிக் கழித்து ஒரு மிச்சம் எழுதுகிறார்கள். அந்த மிச்சத்தை நம்பி வைத்தியர் சலம் பிரிக்கும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார். நான் பார்த்த வாட்டுகள் பலவற்றில் இதுதான் வழக்கம். எந்த ஒரு வைத்தியசாலைக்கும் உரிய குறை என்று இதைச் சொல்ல முடியாது.

அளவு சரியாக இருந்தாலும்கூட இன்னொரு பிரச்சினை இருக்கிறது. அட்டவணை எண்ணைக் கேட்கிறதே தவிர எல்லையைச் சொல்வதில்லை. 24 மணி நேரத்தில் 650 மில்லிலீட்டர் என்று எழுதியிருந்தால் அது நல்லதா கெட்டதா? 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது எல்லைக்கு மேலே. அவருக்குக் குறைந்தது மணிக்கு 25, நாளுக்கு 600. 80 கிலோ எடையுள்ள ஆணுக்கு அதே 650 அபாய அறிவிப்பு, ஏனென்றால் அவருக்கு 960 வேண்டும். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு 2012இல் வகுக்கப்பட்ட சர்வதேச வரையறை, 6 மணி நேரத்துக்குக் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலீட்டருக்குக் கீழே சலம் போனாலே முதற்கட்டப் பாதிப்பு என்கிறது. 50 கிலோ ஆளுக்கு 6 மணி நேரத்தில் 150 மில்லிலீட்டர், ஒரு பிளேன்டீக் கோப்பை அளவு. ஆனால் நாம் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்கிறோம். காலை ஆறு மணிக்குக் குறையத் தொடங்கியது மறுநாள் காலையில்தான் கண்ணில் படுகிறது.

இதற்கு மிகவும் எளிய ஒரு துணை உண்டு: தினமும் காலையில், அதே தராசில், அதே நேரத்தில் எடுக்கும் எடை. ஒரு லீட்டர் நீர் உடலில் தேங்கினால் எடை ஒரு கிலோ கூடும். வியர்வையாகவும் மூச்சாகவும் போகும் நீரை எந்தச் சாடியாலும் பிடிக்க முடியாது. சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் வாட்டில் அந்த இழப்பு சிறியதாகவும் இராது. தராசு அதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. எழுந்து நிற்கக்கூடிய நோயாளிக்கு எடையை விட நம்பகமான நீர்க்கணக்கு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. இருந்தும் பல கட்டில் தலைச்சீட்டுகளில் சேர்ந்த நாளின் எடை மட்டுமே இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது.

சலம் வரவில்லை என்றவுடன் சிறுநீரகம் நின்றுவிட்டது என்று பதறுவதும் தவறு. முதலில் கையை அடிவயிற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே உருண்டு திரண்டு, தொட்டால் நோகும் சலப்பை கையில் பட்டால் வழியில் அடைப்பு. குழாய் போட்டவராக இருந்தால் அது மடங்கியிருக்கிறதா, கட்டி அடைத்திருக்கிறதா, தொடையின் கீழே நசிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அனுபவமுள்ள தாதியர் இதை யோசிக்காமலே செய்வார்கள். அந்தக் கைப்பழக்கம் இளையவர்களுக்கு எழுத்தில் போய்ச் சேர்வதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சலத்தின் அளவு குறைவதைப் பற்றி. எலிக்காய்ச்சல் இந்த முழு முறையையும் கேள்விக்குள்ளாக்குகிறது. வேளாண்மை செய்கிறவர்களின் நோய் இது. கால் வெடிப்பின் வழியாகவும் சிறு காயத்தின் வழியாகவும் கிருமி ஏறும். இந்நோயில் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது பலருக்குச் சலம் குறைவதேயில்லை. வழக்கமாகச் சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் கூடும். எலிக்காய்ச்சலின் தொடக்கத்தில் அது குறைவாகக்கூட இருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் திறனை இழப்பதே காரணம். வெளியேற்றப் பத்தியில் 1,500 என்று அழகாக எழுதியிருக்கும், உள்ளே கழிவு தேங்கிக்கொண்டிருக்கும். இங்கே தாதியின் மதிப்பீடு வேறு தடயங்களைத் தேட வேண்டும்: கெண்டைக்கால் தசையை அழுத்தினால் துள்ளும் வலி, சிவந்த கண், மஞ்சளாகும் வெண்விழி, எத்தனை நாளுக்கு முன் வட்டைக்குள் இறங்கினார் என்ற விபரம், முன்தடுப்பு மருந்தான டொக்சிசைக்கிளினை வாங்கிக் குடித்தாரா இல்லையா என்பது. இவற்றில் ஒன்றுக்குக்கூட அட்டவணையில் இடமில்லை.

நாட்பட்ட சிறுநீரக நோயிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் தீர்மானமாகாத சிறுநீரக நோய் பெரும்பாலும் நெற்செய்கையாளரையே தாக்கியது. 2021இல் பொலன்னறுவையில் சிறுநீரகத்துக்கென்றே தனி வைத்தியசாலை திறக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. கிழக்கு மாகாணத்தில் தெஹியத்தகண்டியவும் அந்த நோய் கண்ட இடங்களுள் ஒன்று. ஏறாவூர் அந்த நோயின் வரைபடத்தில் மையத்தில் இல்லை. ஆனால் பக்கத்துச் செங்கலடிச் சந்தியில் தொடங்கும் ஏ5 வீதி கரடியனாறு, மகாஓயா வழியாக உள்நாட்டுக்குப் போகிறது. வேலைக்கும் உறவுக்குமாக மக்கள் அந்த வழியே வந்து போகிறார்கள். வகுப்பில் நாம் படிப்பிக்கும் சிறுநீரக நோயின் அடையாளங்கள் மூன்று: வீக்கம், உயர் இரத்த அழுத்தம், சலத்தில் புரதம். இந்த நோயிலோ இரத்த அழுத்தம் நெடுநாள் சாதாரணமாக இருக்கும், வீக்கம் பிந்தியே வரும், புரதமும் சொற்பம். பரிசோதனைப் பட்டியைச் சலத்தில் தோய்த்து நிறம் மாறவில்லை என்று பார்த்துவிட்டு "கிட்னி நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்புவது ஆபத்தான ஆறுதல். சலப்பட்டி ஒரு நல்ல கருவிதான். மலிவானது, உடனே முடிவு தருவது. ஆனால் நிறையத் தண்ணீர் குடித்து ஐதான சலத்தில் சிறிதளவு புரதம் இருந்தால் அதைக் காட்டாது. மூடியைத் திறந்தபடி விட்ட டப்பாவில் ஈரக்காற்றுப் பட்ட பட்டிகள் பொய் சொல்லும். வாவிக்கரை ஊரில் இது சிறிய விடயமில்லை.

அப்படியென்றால் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினைப் பார்த்தால் போதுமே என்று கேட்கலாம். அதுவும் பிந்தி வரும் செய்திதான். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ அரைவாசி போகும்வரை அந்த எண் 'சாதாரண' எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். கிரியாட்டினின் தசையில் இருந்து வருவது. தசை வற்றிய எழுபது வயது மூதாட்டியின் முடிவு சாதாரணமாகத் தெரிந்தாலும் வயதையும் பாலையும் சேர்த்து வடிகட்டு வீதமாகக் கணக்கிட்டால் பாதிகூடத் தேறாமல் போகலாம். ஆய்வுகூடம் இருக்கிறதென்று தாதியின் மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது கேட்கும் முறை. நம் ஊர்ப் பெண்கள் ஆண்கள் இருக்கும் இடத்தில் சலத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். வாட்டின் நடுவே நின்று உரத்த குரலில் கேட்டால் "ஓம், எல்லாம் சரி" என்பதுதான் பதிலாக இருக்கும். எரிவு, கடுப்பு, அடக்க முடியாமை, இருமும்போது சொட்டுவது எல்லாம் அந்த "எல்லாம் சரி"க்குள் மறைந்துவிடும். இன்னொன்றும் நடக்கிறது: வாட்டுக் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெளியேற்றப் பத்தி குறைவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. நோன்பு மாதத்தில் சிலர் வைத்தியசாலையிலும் நோன்பை விட மனம் வராமல் இருப்பார்கள். அவர்களின் உள்ளெடுப்பு முழுவதும் நோன்பு திறந்ததில் இருந்து ஸஹர் வரைக்கும் இரவிலேயே நடக்கும். மதியம் வரை பார்த்துவிட்டு அவசரமாகச் சேலைன் ஏற்றவும் கூடாது, பகல் முழுதும் வாய் வறண்டிருந்ததைக் கவனிக்காமல் விடவும் கூடாது. திரையை இழுத்துவிட்டு, கட்டிலருகே குனிந்து, மெல்லக் கேட்கும் ஒரு பெண் தாதிக்குக் கிடைக்கும் விபரம் எந்த இயந்திரத்துக்கும் கிடைக்காது.

கேட்க வேண்டியவையும் நமக்கே உரியவை. "இரவில் எத்தனை தரம் எழும்புறீங்க?" என்ற கேள்வி, சலத்தைச் செறிவாக்கும் திறனைச் சிறுநீரகம் இழந்துவருவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம். வயல் வேலை முடிந்த உடம்பு நோவுக்கு மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் டிக்லோபெனக் குளிசையைப் பற்றி நாம் கேட்டாலொழிய யாரும் சொல்வதில்லை. சூட்டைத் தணிக்கக் குடிக்கும் இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும். சீனி வருத்தத்துக்கு நல்லதென்று வெறும் வயிற்றில் குடிக்கும் தமரத்தங்காய்ச் சாற்றின் ஒட்சலேற் சிறுநீரகத்தை அடைத்த நோயாளிகளை இலங்கை வைத்தியர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். நம் சித்த மருத்துவர்கள் நீர்க்குறியில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ட நோய்க்காரணங்களை இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஊற்றிவிடுவதற்கு முன் சலத்தைக் கண்ணால் பார்க்கும் ஒழுக்கம் இன்றைக்கும் வேண்டும். முத்திரைப் புடையன் கடித்து வந்தவரின் சலம் கருஞ்சிவப்பாக மாறினால் அதை முதலில் காணப்போவது சாடியைக் கையில் எடுப்பவர்தான். அந்த வேலையைச் சிற்றூழியரிடமோ உறவினரிடமோ விட்டால் நிறம் கழிவறையோடு போய்விடும்.

அளவு சரியாக வேண்டுமென்று எல்லோருக்கும் குழாய் போடுவதும் தீர்வாகாது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சலத்தில் கிருமி சேர்கிறது. தேவை முடிந்த அன்றே கழற்ற வேண்டும்.

இரவுக் கடமையில் ஒரு தாதி எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்று தெரிந்தவர் எவரும் இந்தக் குறைகளுக்காக அவரைக் கடிந்துகொள்ள மாட்டார். டெங்குவில் நம்மால் முடிந்ததற்குக் காரணம், எதை அளக்க வேண்டும், எந்த எண்ணில் வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்பது தாளிலேயே எழுதியிருந்ததுதான். மற்றக் கட்டில்களுக்கு அந்தத் தெளிவைக் கொடுக்கவில்லை. அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் எல்லை இல்லாவிட்டால் அதை மதிப்பீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது வெறும் பதிவு. வாட்டுக்குப் பொறுப்பான தாதி உத்தியோகத்தர்களிடமும், மட்டக்களப்புத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பிக்கிறவர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: நீர்க்கணக்கு அட்டவணையின் தலைப்பில் நோயாளியின் எடையையும், அவருக்குரிய 6 மணி நேரக் குறைந்த அளவையும் எழுதுங்கள். காலையில் தராசில் ஏற்றுங்கள். திரையை இழுத்துவிட்டுக் கேளுங்கள். புதிய கருவியோ சுற்றறிக்கையோ வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.